பார்க்காமல் கொடுப்பது

உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படிக்கும் வேலை சில ஆண்டுகளாக எனக்கு வாய்த்திருக்கிறது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாங்கள் வாழும் நகரத்துத் தமிழ்ச் சங்கம், பொங்கல் விழாவில் சேரும் தொகையில் ஒரு பகுதியை ஊர்ப்பக்கம் நல்ல காரியங்களுக்கு அனுப்புகிறது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் அதைப் பிரித்துக் கொடுக்க ஐந்து பேர் கொண்ட குழு, இரண்டு ஸூம் கூட்டம், கொஞ்சம் மனத்தாங்கல் எல்லாம் உண்டு. கண் அறுவைச் சிகிச்சை முகாம் என்றால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, அதற்கும் யாரும் மறுப்புச் சொல்வதில்லை. ஒருமுறை வேறு மாதிரி ஒரு விண்ணப்பம் வந்தது. கிராமங்களில் வீடு வீடாகப் போய் மனநோய் உள்ளவர்களைக் கவனித்துவரும் இரண்டு பெண் பணியாளர்களுக்கு மூன்று வருடச் சம்பளமும் பஸ் செலவும் கேட்டிருந்தார்கள். கட்டடம் கிடையாது, கருவி கிடையாது, திறப்பு விழா கிடையாது. குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். தாராளமான மனிதர், தன் கைப்பணத்தைப் பலமுறை போட்டவர். அவர் கேட்டார்: "தம்பி, இதுக்கு அடுத்த பொங்கலுக்கு ஸ்க்ரீன்ல என்னத்தக் காட்டுவோம்?"

போட்டோவுக்காகக் கொடுக்கிறவர்கள் என்று முகம் சுளித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அது நியாயமாகாது. இரவுப் பணி பார்க்கும் நர்ஸும், டாக்ஸி ஓட்டுகிறவரும், படிக்க வந்து கடனில் இருக்கும் மாணவனும் ஆளுக்குப் பத்து பவுண்டு போட்டிருக்கிறார்கள். அது எங்கே போயிற்று, என்ன ஆயிற்று என்று அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பிறர் பணத்தைக் கையாளுகிறவர் ஆதாரம் கேட்பதில் தவறு எதுவும் இல்லை. அந்தப் பெரியவர் தன் படத்தையா போடச் சொன்னார்?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மனநலத்துக்குக் கொடுக்கும்போது நாம் கேட்கும் ஆதாரம் இன்னொருவருடைய ரகசியம்.

கண்ணில் கட்டோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளின் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் படத்தால் அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. கண்புரை வந்தது, எடுத்தார்கள், தெரிகிறது. பேத்தி கல்யாணத்துக்கு அதனால் தடை வராது. ஆனால் மூன்று வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்து, இப்போது மாத்திரை எடுத்துக்கொண்டு, காலையில் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவளுக்குத் திரும்பக் கிடைத்திருப்பது என்ன? வரிசையில் நிற்கும்போது யாரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பது. தெரு அவளை மறந்திருக்கிறது. 'அன்று, இன்று' என்று இரண்டு படங்களை ஒட்டி நாம் திரையில் போட்டால், எதைத் திருப்பிக் கொடுத்தோமோ அதையே பறித்துக்கொள்கிறோம். நம் மண்டபத்தில் காட்டும் படம் நம் மண்டபத்தோடு நிற்பதும் இல்லை. அன்று இரவே வாட்ஸ்அப்பில் அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. அதன் 23ஆம் பிரிவு நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுகிறவரின் புகைப்படத்தையோ வேறு தகவலையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. "சம்மதம் வாங்கிக்கொண்டுதானே படம் எடுக்கிறோம்" என்று சில அமைப்புகள் சொல்வதுண்டு. இருக்கலாம். மாத்திரை யார் கையிலிருந்து வருகிறதோ அவர்கள் கேமராவோடு வந்து நின்றால், வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அந்தச் சம்மதத்தை நான் முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் அந்த இரண்டு பணியாளர்கள் செய்யும் வேலைதான் என்ன? இங்கே என் குடும்பத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்தவர் கதையைக் கேட்காதீர்கள் என்று எழுதிக்கொண்டே கதை சொல்கிறானே என்று உங்களுக்குத் தோன்றும். சம்பந்தப்பட்டவர் இப்போது இல்லை. அவரைப் பார்த்துக்கொண்ட அத்தையிடம் கேட்டுவிட்டு, சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கதை இல்லாமல் இந்த வாதம் நகர மறுக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் சித்தப்பா மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். இருபத்தாறு வயதில் அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. கிணற்றில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்றார். தாத்தா தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்தார்கள். பிறகு தஞ்சாவூரில் டாக்டர், மாத்திரை. கொஞ்சம் தெளிந்ததும் மாத்திரை நின்றுபோகும், மறுபடி முதலிலிருந்து. இப்படியே இருபது வருடம். தாத்தா பாட்டி போன பிறகு, கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அத்தைதான் அவரைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு தொண்டு நிறுவனத்தின் பணியாளர் ஒருத்தி, பிளஸ் டூ படித்தவள், சில வாரப் பயிற்சி பெற்றவள், இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை டவுன் பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். முதல் நான்கு முறை சித்தப்பா அறைக் கதவையே திறக்கவில்லை. அவள் திண்ணையில் உட்கார்ந்து அத்தையோடு பேசிவிட்டுப் போனாள். தூங்கினாரா, குளித்தாரா, மாத்திரை அட்டையில் எத்தனை மீதி இருக்கிறது, நீங்கள் தூங்கினீர்களா. கடைசிக் கேள்வியை அதற்கு முன் யாரும் அத்தையிடம் கேட்டதில்லை. ஐந்தாம் முறை உள்ளேயிருந்து குரல் வந்தது: "பஸ்ஸு இன்னும் பாலத்து வழியாத்தான் போவுதா?" போகிறது என்றாள். அவ்வளவுதான் அன்றைக்கு.

இரண்டு வருடம் கழித்து நிலைமை இப்படி இருந்தது. சித்தப்பா காலையில் தானே சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவார், பேப்பர் படிப்பார், திரும்பி வருவார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. அதைச் சொல்லி, அலைந்து, அவருக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்ததும் அந்தப் பெண்தான். குரல்கள் போய்விட்டனவா என்று ஒருமுறை போனில் கேட்டேன். "கேக்குது. ஆனா முன்ன மாதிரி அதட்டறதில்ல" என்றார்.

இதைத் திரையில் எப்படிக் காட்டுவது? ஒரு நடுத்தர வயதுக்காரர் டீ குடிக்கிறார். அவ்வளவுதான் படம்.

மூன்று வருடத்தில் நிதி முடிந்தது. கொடுத்தவர்கள் வேறு துறைக்கு மாறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அவர்கள் யார் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அந்தப் பெண் கடைசி வியாழக்கிழமை வந்து அழுதுவிட்டுப் போனாளாம். எட்டு மாதத்தில் சித்தப்பா மாத்திரையை விட்டார். அடுத்த மழைக்காலத்தில் அவரைத் திரும்பவும் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது.

ஒரு குடும்பத்தை வைத்துப் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது என்பீர்கள். சரிதான். 2015-16இல் நிம்ஹான்ஸ் பன்னிரண்டு மாநிலங்களில், தமிழ்நாடு உட்பட, நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று கண்டது. அந்த இடைவெளியை டாக்டர்களால் மட்டும் அடைக்க முடியாது. அத்தனை டாக்டர்கள் இல்லை. அதனால்தான் உள்ளூர் ஆட்களைப் பழக்கி வீடுகளுக்கு அனுப்பும் முறை. அது பலிக்கிறதா என்று தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், கோவா, மகாராஷ்டிரத்தில் சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. 2014இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு வீட்டுக்கு வரும் பணியாளரும் சேர்ந்தபோது, வெறும் மருத்துவமனைச் சிகிச்சையைவிட ஓராண்டு முடிவில் அறிகுறிகளும் முடக்கமும் குறைந்திருந்தன. எவ்வளவு? மிதமாக.

அந்த 'மிதமாக' என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நன்கொடை கேட்கும் துண்டுப் பிரசுரத்தில் அதைப் போட முடியாது. 'உங்கள் பணம் ஒரு வாழ்க்கையை மிதமாக மாற்றும்' என்று யார் அச்சடிப்பார்கள்? சித்தப்பா விஷயத்தில் மிதமாக என்பதற்கு அர்த்தம், கதவு திறந்தது.

பீட்டர் சிங்கர் 1972இல் வெளியிட்ட கட்டுரையின் குளம் உதாரணத்தைப் பல்கலைக்கழகம் போன நம் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள். வழியில் ஒரு குளத்தில் குழந்தை மூழ்குகிறது, இறங்கினால் துணி நனையும், அதற்காக இறங்காமல் போவாயா என்று கேட்கிறார். அன்றைய கிழக்கு வங்கத்தில் பசியில் கிடந்தவர்களை மனதில் வைத்து எழுதியது அது. தூரம் ஒரு சாக்கு ஆகாது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. புலம்பெயர்ந்தவன் யாரும் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆனால் அந்த உதாரணத்தில் குழந்தையை ஒரே இழுப்பில் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம், வேலை முடிந்தது, நனைந்த துணியோடு ஆபீசுக்குப் போகலாம். சித்தப்பாவின் நோய்க்குக் கரை கிடையாது. தண்ணீரிலேயே பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருக்க வேண்டும், வருடக்கணக்காக.

'ஒரு பவுண்டுக்கு எவ்வளவு நன்மை' என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் இயக்கம் சிங்கரின் வழியில் வந்ததுதான். கணக்குப் போடுவதை நான் மதிக்கிறேன், என் பிழைப்பே அதுதான். ஆனால் அந்தக் கணக்கு மனநலத்துக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். எட்டு வாரப் பேச்சுச் சிகிச்சையில் தேறக்கூடிய மனச்சோர்வு மேலே வரும். ஆயுள் முழுக்கத் துணை தேவைப்படும் மனச்சிதைவு கீழே போகும். இரண்டுக்கும் பணம் தேவைதான். குணமாவது எளிதோ இல்லையோ என்பதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் அறம், மிகவும் நொந்தவர்களைக் கடைசியில் நிறுத்தும் அறமாக ஆகிவிடுகிறது. அதை நான் ஏற்கவில்லை.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. புது சிஸ்டம் கட்டப் பணம் எப்போதும் கிடைக்கும், கேக் வெட்டுவார்கள். அதைப் பத்து வருடம் ஓடவைக்கும் சப்போர்ட் டீமுக்குப் பணம் கேட்டால், 'ஒண்ணும் உடையலையே, எதுக்கு இத்தனை பேர்?' என்பார்கள். உடையாமல் இருப்பதே அவர்களால்தான்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் முடிவு சுலபம் போலத் தெரியும்: கேள்வி கேட்காதே, படம் கேட்காதே, கொடுத்துவிட்டுப் போ. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், ஏர்வாடி.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். தர்காவை நம்பி வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள், அல்லது கொண்டுவந்து விடப்பட்டவர்கள். அந்தப் பகுதியில் இப்படிப் பல காப்பகங்கள் இருந்தன. அதன் பிறகுதான் அரசு அவற்றை மூடியது, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, நாடு முழுவதும் இப்படி எத்தனை இடங்கள் என்ற கேள்வி எழுந்தது. 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு, எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று சொல்கிறது. அந்த வரிக்குப் பின்னால் அந்த 28 பேரும் இருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் காப்பகங்கள் சும்மா நடக்கவில்லை, குடும்பங்களிடம் பணம் வாங்கித்தான் நடந்தன. அனுப்பியவர்கள் கொடியவர்களா? அப்படிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தங்கைக்கு வரன் பார்க்கும் வீட்டில், இரவெல்லாம் கத்தும் அண்ணனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், யாரோ சொன்ன இடத்தில் விட்டுவிட்டு, முடிந்ததை அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். அவர்களும் பார்க்காமல்தான் கொடுத்தார்கள். படம் கேட்கவில்லை, அறிக்கை கேட்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம். அவர்கள் அனுப்பிய பணமும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

ஆக, பார்க்காமல் கொடுப்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, அடுத்தவருடைய மானத்துக்காக நம் கண்ணைத் திருப்பிக்கொள்வது. மற்றொன்று, நம் நிம்மதிக்காகத் திருப்பிக்கொள்வது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: வங்கிக் கணக்கிலிருந்து மாதம் ஒரு தொகை போகிறது, நாம் எதையும் பார்ப்பதில்லை. ஐயாயிரம் மைல் தள்ளி வாழும் நமக்கு, நாம் செய்வது எது என்று நமக்கே தெரியாமல் போகலாம். வித்தியாசத்தை எங்கே தேடுவது?

திருக்குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23ஆம் அதிகாரம் ஈகை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அதிகாரம் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் யாரும் விளக்கியதாக நினைவில்லை. பெரியவனான பிறகு படித்ததில் எனக்குப் பட்டது இது. ஈகையில் இரண்டு முகங்கள் இருக்கின்றன. ஒருவன் கேட்கிறான், ஒருவன் கொடுக்கிறான். கேட்டவன் முகம் மலர்வதைக் காணும்வரை கொடுப்பவனுக்கு நிம்மதி இல்லை என்றே அங்கே ஒரு குறள் சொல்கிறது. சங்கத்துப் பெரியவர் கேட்டதும் அந்த முகத்தைத்தான். ஒப்புரவுக்கு வள்ளுவர் தரும் உவமைகள் வேறு: ஊர் குடிக்கும் நீர் நிறைந்த ஊருணி, ஊருக்குள் பழுத்து நிற்கும் மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். அங்கே வாங்குகிறவன் முகமே வருவதில்லை. ஊருணியை வெட்டியவனுக்கு யார் எத்தனை குடம் எடுத்தார்கள் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மனநலப் பணிக்குக் கொடுப்பது இந்த இரண்டாம் வகை என்று நினைக்கிறேன். உரையாசிரியர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

ஆனால் ஊருணிக்கும் ஒரு கண்காணிப்பு உண்டு. குடித்தவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, தண்ணீரைப் பார்ப்பார்கள். பாசி பிடித்தால், ஆடு விழுந்தால், குடிக்கிறவர்களே குரல் கொடுப்பார்கள். ஏர்வாடியில் இல்லாமல் போனது அதுதான். உள்ளே இருந்தவர்கள் கத்தினால் கேட்பவர் கிடையாது. கத்துவதே நோயின் அடையாளம் என்று எழுதப்பட்டுவிட்டது. கொடுத்தவன் பார்க்காததைவிட, வேறு யாருமே பார்க்காததும், இருந்தவனுக்கு எழுந்து வெளியே போக வழி இல்லாததும்தான் அங்கே கொன்றது.

இதை ஒப்புக்கொண்டால், கேட்க வேண்டிய கேள்விகள் மாறுகின்றன. யாருக்குக் குணமாயிற்று, படம் இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிடலாம். உங்கள் பணியாளர்கள் எத்தனை வருடமாக உங்களோடு இருக்கிறார்கள்? ஒருத்தி வேலையை விட்டால் அவள் வீடுகளுக்கு அடுத்த வாரம் யார் போவார்? சிகிச்சை பெறுகிறவருக்கு உங்கள்மேல் குறை இருந்தால் உங்களுக்கு வெளியே யாரிடம் சொல்வார்? தங்குமிடம் நடத்தினால், அதன் வாசல் கதவு பகலில் திறந்திருக்கிறதா? நோயோடு வாழ்ந்த யாராவது உங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்களா? இவற்றில் ஒன்றுக்கும் ஒரு நோயாளியின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல அமைப்புகள் இவற்றுக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்லும். கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் நான் தள்ளிவிட மாட்டேன், கதவுக் கேள்விக்கு மழுப்பினால் தள்ளிவிடுவேன்.

அப்படிப்பட்ட இடங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப், 2010 முதல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பி, அதிலிருந்தபடியே சென்னை டாக்டரோடு திரையில் பேச வைத்தது. மருந்தும் அதே வண்டியில். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும், தெருவில் விடப்பட்ட பெண்களுக்காகத் தொடங்கிய பான்யன், 2015இலிருந்து வேறொன்றையும் செய்துவருகிறது. வருடக்கணக்காகக் காப்பகத்திலேயே தங்கிவிட்டவர்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடிவைக்கிறார்கள், கூட ஒரு பணியாளர். சமையல், சண்டை, பக்கத்து வீட்டுக்காரரோடு தண்ணீர்த் தகராறு எல்லாம் அங்கே உண்டு. ஏர்வாடிக்கு நேர் எதிர் இது என்று நினைக்கிறேன். கொடுப்பவன் பார்க்க வேண்டியதில்லை, பக்கத்து வீடு பார்த்துக்கொண்டிருக்கிறது.

கொடுப்பது என்று முடிவு செய்தாலும் பணம் போய்ச் சேர்வது அவ்வளவு லேசில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தவரை, என் சம்பாத்தியத்திலிருந்து ஊருக்கு அனுப்பிய நன்கொடை சட்டப்படி உள்நாட்டுக்காரன் கொடுத்தது. பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்த நாளிலிருந்து, ஓசிஐ அட்டை பையில் இருந்தாலும், அதே கணக்கிலிருந்து போகும் அதே ஐம்பது பவுண்டு வெளிநாட்டு நிதி. அதைப் பெற அந்த அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அது புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆயிற்று. வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டது. மன்னார்குடிப் பக்கத்து ஐந்து பேர் அமைப்புக்கு, சென்னையிலுள்ள பெரிய அமைப்பு வழியாக வெளிநாட்டுப் பணம் போக முன்பிருந்த பாதை அதோடு அடைந்துவிட்டது. இந்தப் பக்கம் பிரிட்டிஷ் அரசு ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் வரிச் சலுகையாகச் சேர்த்துக் கொடுக்கும், ஆனால் இங்கே பதிவான அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான். நேரே சென்னைக்கு அனுப்பினால் கிடையாது. இதையெல்லாம் விசாரித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது சலிப்பான யோசனைதான்.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை அல்லவா என்று என் மருமகன் கேட்கிறான். இங்கே பிறந்தவன், என்.எச்.எஸ்.ஸில் வேலை பார்க்கிறவன். அவன் கேட்பது சரி. மாவட்ட மனநலத் திட்டம் இந்தியாவில் 1996இலேயே வந்துவிட்டது. 2022 முதல் டெலிமானஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவையும் இருக்கிறது. அவை வளர வேண்டும். சித்தப்பாவுக்கு ஊசியும் மாத்திரையும் கொடுத்தது அரசு மருத்துவமனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் திண்ணையில் வந்து உட்கார்ந்தவளை அரசு இன்னும் எல்லா ஊருக்கும் அனுப்பவில்லை. அனுப்பும்வரை காத்திரு என்று என் அத்தையிடம் சொல்ல என்னால் முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சங்கடமாக இருந்தாலும். 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லைக் கேட்டாலே சிரித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். 1794இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் முகவரியை வசவாக்கி, சினிமாவில் காமெடியாக்கி வைத்திருந்தோம். அந்தச் சிரிப்பு விமானம் ஏறி எங்களோடு வந்திருக்கிறது. ஊரில் மனநலப் பணிக்கு ஐந்நூறு பவுண்டு தருகிறவர், தன் மகள் ஆறு மாதமாக மாத்திரை எடுப்பதை அடுத்த மேசைக்காரரிடம் சொல்ல மாட்டார். அது அவர் மகளின் ரகசியம், சொல்லத் தேவையில்லை. ஆனால் அவள் தன் அப்பாவிடம் சொல்லவே ஒரு வருடம் தயங்கியிருந்தால், அதுவும் சொல்லத் தமிழில் வார்த்தை கிடைக்காமல் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால், அந்த ஐந்நூறு பவுண்டு எதற்காகப் போகிறது என்று அவர் ஒருமுறை யோசிக்கலாம். தூரத்தில் இருப்பவரின் நோய்க்கு இரங்குவது எப்போதும் எளிது. அந்த நோய் நம் வீட்டு மாடியறையில் இல்லை என்ற ஆறுதலும் அந்த இரக்கத்தோடு சேர்ந்தே வருகிறது.

நமக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ள முடியுமானால், அது காலத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், கழிப்பறை அங்கேயே இருக்கும். வாரம் தவறாமல் வரும் ஒருத்தியின் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்தினால், முன்பு இருந்த இடத்துக்குக்கூடத் திரும்புவதில்லை. வந்துகொண்டிருந்தவள் வராமல் போனாள் என்பது புதிதாகச் சேர்கிறது. யார் யாரோ தன்னை விட்டுப் போகப்போகிறார்கள் என்று ஏற்கெனவே பயந்திருப்பவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதனால் பெரிய தொகையை மூன்று வருடத்தில் கொட்டுவதைவிட, சிறிய தொகையைப் பத்து வருடம் கொடுப்பது மேல். நிறுத்த நேர்ந்தால் ஒரு வருடம் முன்பே சொல்லிவிட வேண்டும், வேறு யாரையாவது தேடிக்கொள்ள அவர்களுக்கு அவகாசம் வேண்டும். முன்கூட்டிச் சொல்ல முடியாதவர்கள் கழிப்பறைக்கே கொடுக்கலாம். அதுவும் தேவைதான்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தையிடம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். திருவாரூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாளாம், தீபாவளிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாளாம். "வியாழக்கெழம வருவாங்கற நெனப்புலயே முன்னாடி நாலு நாளும் பின்னாடி நாலு நாளும் ஓடிடும்டா எனக்கு" என்றார் அத்தை. சித்தப்பாவைப் பற்றி அல்ல, தன்னைப் பற்றித்தான் சொன்னார்.